கம்பி வருமுன் உறுதி எழுதுவோம்!

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் தொழில்வல்லாரும் கூடிய அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



2025ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அவர்கள் கொழும்புக்கு வந்திருந்தபோது, இரு நாட்டு அரசாங்கங்களும் பல உடன்படிக்கைகளிற் கைச்சாத்திட்டன. அவற்றுள் ஒன்று, இந்தியாவின் மின்வலையையும் இலங்கையின் மின்வலையையும் உயர் வோல்ற்று நேரோட்டக் கம்பியால் இணைத்து, மின்சாரத்தை இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்வதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை. அன்றைய செய்திகளுள் அது பத்தோடு பதினொன்றாக வந்து போயிற்று. ஆனால் நாம் அதனை அவ்வாறு விட்டுவிடலாகாது. ஏனெனில், இதுவரை பேசப்பட்ட வழியே அந்தக் கம்பி வருமாயின், அது நம் கடலைக் கடந்து, நம் மாகாணத்து மண்ணிற் கால்வைத்து, நம் தலைக்கு மேலே நடந்து செல்லும்.

இணைப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதன்று இன்று நான் எழுப்பும் வினா. இணைப்பு வேண்டும் என்பதே என் முடிபு. எந்த நிபந்தனையின்மேல், எவருடைய சாட்சியோடு, எவருக்கு என்ன பங்கு என்று எழுதிக்கொண்டு அது வரவேண்டும் என்பதே வினா.

நம் குடாநாட்டிற் பங்குக் கிணறு இல்லாத ஊர் இல்லை. நான்கு குடும்பம் ஒரு கிணற்றிற் பங்காளராக இருப்பர். எவர் எந்த நாளில் இறைப்பது, வாய்க்கால் எவர் காணி வழியே செல்வது, கிணற்றைத் தூர்வார நேர்ந்தால் செலவை எவ்வாறு பகிர்வது என்பன முன்னரே தீர்க்கப்பட்டிருக்கும். காணி உறுதியிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். அவ்வாறு எழுதாத இடத்தில் உடன்பிறந்தாரே நீதிமன்றப் படி ஏறுவர். பாக்குநீரிணையைக் கடந்து வரும் மின்கம்பியும் ஒரு பங்குக் கிணறே. அதற்கு உறுதி எழுதாமல் இறைப்புக்கு இறங்குவது அறிவுடைமை ஆகாது.

நெடுநாட் பேச்சு

இப்பேச்சு நேற்று முளைத்ததன்று. 2010 ஜூன் மாதத்திலேயே இரு அரசாங்கங்களும், இலங்கை மின்சார சபையும், இந்தியாவின் பவர் கிறிட் நிறுவனமும் சேர்ந்து, இணைப்பின் சாத்தியத்தை ஆராய்வதற்கு உடன்பட்டன. மதுரையிலிருந்து புறப்பட்டு, கடலடியே வந்து, மன்னார்ப் பகுதியிற் கரையேறி, அநுராதபுரம் சென்று சேரும் வழியே அப்போது முதன்மையாக ஆராயப்பட்டது. முதலில் 500 மெகாவாற்று, பின்னர் 1,000 மெகாவாற்று என்பது நெடுங்காலம் பேசப்பட்ட அளவு. 2023 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவர்கள் புதுடில்லி சென்றபோதும், 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்கள் சென்றபோதும், வெளியான கூட்டறிக்கைகளில் இவ்விணைப்பு இடம்பெற்றது. ஆட்சிகள் மாறின, திட்டம் மாறவில்லை. ஆதலின் இதனை ஒரு கட்சியின் திட்டமென்று தள்ளவும் இயலாது, கொள்ளவும் இயலாது.

இக்கடல் நம்மைப் பிரித்த கடலன்று, சேர்த்த கடல். 1914இற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதப் பயணிகளை ஏற்றிக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் போரின் காரணமாக நின்றது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் கப்பல் வந்தபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால் கப்பலுக்கும் கம்பிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கப்பல் நின்றால் பயணம் தடைப்படும். கம்பியை நம்பி ஒரு நாடு தன் வாழ்வை அமைத்துக்கொண்டபின் அது நின்றால், மருத்துவமனையும் நிற்கும், தோட்டமும் வாடும்.

இருள் நமக்குப் புதிதன்று

மின்சாரம் இல்லாத வாழ்வு எத்தகையது என்பதை இந்நாட்டில் நம்மைவிட நன்கறிந்தவர் எவர்? 1990இல் மீண்டும் மூண்ட போரின்போது குடாநாடு நாட்டின் மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஒரு தலைமுறை மாணவர் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்துப் பரீட்சை எழுதினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெய்த் தடையால் இறைப்பு இயந்திரங்கள் ஓய, கைவிட்ட துலாவை மீண்டும் தேடியவரும் உண்டு. போர் 2009இல் ஓய்ந்த பின்னரே கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு மின்செலுத்துகை வழி மறுபடியும் அமைக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் டீசல் இயந்திரங்களே நமக்கு ஒளி தந்தன. அவ்வொளிக்கு நாம் கொடுத்த விலை என்ன? சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களிற் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது. நம் நிலம் சுண்ணக்கல் நிலம். மேலே சிந்தியது கீழே ஊறும். ஒரு கிணற்றிற் சேர்ந்தது மறு கிணற்றுக்கும் பரவும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, அங்கு மின்நிலையம் நடத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என்றது. பணம் வரும், பாழான நீரூற்று எப்போது தெளியும்?

பின்னர் 2022 வந்தது. நாட்டின் கைவசம் அந்நியச் செலாவணி இல்லை. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மின்கட்டணம் அதே மாதத்திற் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் இறைத்த கமக்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரே இருந்தது.

இவ்வளவையும் அனுபவித்த நாம், அயல்நாட்டிலிருந்து ஒரு மின்வழி வருகிறது என்றால் வரவேற்பது இயல்பு. அந்த வரவேற்பு கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வரவேற்பாக இருத்தல் ஆகாது என்பதே என் வேண்டுகோள்.

சுரங்கமா, வாய்க்காலா?

இணைப்பின் பொறியியலை எளிதாகச் சொல்கிறேன். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னும் அலையும். இந்த 50 என்னும் மீடிறன் நாடு முழுவதும் ஒன்றாகவே இருக்கவேண்டும். இந்தியாவின் மீடிறனும் 50தான். அப்படியானால் இரண்டையும் நேரே முடிந்துவிடலாமே என்று கேட்கலாம். முடியலாம், ஆனால் அது இரண்டு கிணறுகளுக்கு இடையே நிலத்தடியிற் சுரங்கம் வெட்டுவது போன்றது. ஒன்றின் நீர்மட்டம் இறங்கினால் மற்றதும் இறங்கும். 2024 மே மாதத்தில் இந்தியாவின் உச்ச மின்தேவை 2,50,000 மெகாவாற்று. இலங்கையின் உச்சத் தேவையோ 3,000 மெகாவாற்றை எட்டாதது. அவ்வளவு பெரிய கிணற்றோடு சிறு கிணற்றைச் சுரங்கத்தால் இணைத்தால், அங்கே எழும் ஒவ்வோர் அலையும் இங்கே வந்து மோதும்.

நேரோட்டம் அவ்வாறன்று. அது ஒரு கிணற்றிலிருந்து நீரை அளந்து இறைத்து, வாய்க்கால் வழியே மறு காணிக்கு விடுவது போன்றது. இரு கரையிலும் மாற்று நிலையங்கள் இருக்கும். ஒன்று ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும். மற்றது மீண்டும் ஆடலோட்டமாக்கும். எவ்வளவு செல்லவேண்டும், எத்திசையிற் செல்லவேண்டும் என்பதை அந்நிலையங்கள் கட்டுப்படுத்தும். கடலடி வடங்களுக்கு இதுவே சிறந்த முறை. சுவீடன் நாடு தன் கோட்லாந்துத் தீவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளமான கடலடி வடத்தால் 20 மெகாவாற்று நேரோட்டத்தை 1954இலேயே அனுப்பியது. 1961இல் இங்கிலாந்தும் பிரான்சும் தம்மிடையே உள்ள கால்வாயின் அடியால் மின்சாரம் பரிமாறத் தொடங்கின. ஆகவே இது மாயமும் அன்று, சோதனையும் அன்று. எழுபது ஆண்டு பழகிய தொழில்.

ஆயினும் ஒரு எச்சரிக்கை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருளில் மூழ்கியது. குரங்கைப் பழிசொல்லிச் சிரித்தோம். உண்மைக் காரணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் தேவை குறைவு. வெயில் ஆதலால் சூரிய மின்சாரம் மிகுதி. எனவே சுழன்றுகொண்டிருந்த பாரமான இயந்திரங்கள் சில மட்டுமே. இறைப்பு இயந்திரத்திற் பாரச் சக்கரம் இல்லாவிட்டால் சிறு தடங்கலுக்கும் அது நின்றுவிடும் அல்லவா? நாட்டின் மின்வலைக்கும் அதே நிலை. நுரைச்சோலை நிலையமும் அன்று விழுந்தது. அதனை முழுமையாக எழுப்பச் சில நாட்கள் சென்றன.

இத்தகைய வலையில் 500 மெகாவாற்றுக் கம்பி ஒன்று திடீரென அறுந்தால் என்ன ஆகும்? தேவை குறைந்த நடு இரவில் நாட்டின் மொத்த வலுவில் அது பெரும்பகுதியாக இருக்கலாம். ஆகவே எந்த வேளையில் எவ்வளவுக்கு மேல் அக்கம்பியில் எடுக்கலாகாது, அது நின்றால் எந்தச் சேமிப்பு உடனே கைகொடுக்கும் என்பனவற்றை எழுதிவைக்கும் விதிகள் வேண்டும். கம்பியைப் போடுவது பொறியியலாளர் வேலை. அளவை விதிப்பது ஒழுங்காணைக்குழுவின் வேலை. முன்னது நடந்து பின்னது நடவாவிட்டால், விளக்கை வாங்கிவிட்டுத் தீக்குச்சியைக் குழந்தை கையில் கொடுத்த கதையாகும்.

கொள்வதும் கொடுப்பதும்

இலாபம் எங்கே? மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை நம் நாட்டின் தேவை உச்சத்தை அடைகிறது. அவ்வேளையிலேதான் விலைமிகுந்த எண்ணெயை எரிக்கிறோம். அயலிலிருந்து மலிவாக வருமாயின் அதுவே முதல் இலாபம். மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றும் ஆண்டில் அதுவே துணை.

இரண்டாவது இலாபம் கொடுப்பதில் உள்ளது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்துவிட்டபடியால், கூரைமேற் சூரியத் தகடு வைத்திருப்போர் பகலில் அவற்றை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. கடன் வாங்கித் தகடு வைத்தவன், நல்ல வெயிலில் அதை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தது! விளைந்த வெங்காயத்துக்குச் சந்தை இல்லாமல் தோட்டத்திலே அழுகவிடும் துயரத்தை நாம் அறிவோம். வெயிலுக்கும் அதே கதி. கடலுக்கு அப்பால் ஒரு சந்தை இருந்தால், அந்த வெயில் வீணாகாது.

ஆனால் மிகைப்படுத்திப் பேசுவது நன்றன்று. தென்மேற்குப் பருவக்காற்று மன்னாரில் வீசும் மாதங்களிலேதான் தமிழ்நாட்டின் காற்றாலைகளும் முழுவேகத்திற் சுழல்கின்றன. நண்பகல் வெயில் இரு கரைக்கும் ஒன்றே. நம்மிடம் மிகும் வேளையில் அவர்களிடமும் மிகலாம். அப்போது விலை தாழும். இந்தியா மிகப் பெரிய நாடு. வடக்கிலும் மேற்கிலும் தேவை இருக்கும் என்பது உண்மை. எனினும் விற்பனையாற் செல்வம் பொழியும் என்று எவரேனும் கூறினால், கணக்கைக் காட்டும்படி கேளுங்கள். அங்கிருந்து வரும் மின்சாரமும் தூய வெயிலன்று; இந்தியாவின் மின்னுற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியால் ஆனது.

அயலார் கற்ற பாடம்

நமக்கு முன்னரே இப்பாதையில் நடந்தவர் பலர். நேபாளம் ஒருகாலத்திற் பனிக்காலங்களில் நாளின் பெரும்பகுதி இருளிற் கிடந்தது. 2016இல் தல்கேபார் – முசாபர்ப்பூர் வழி திறக்கப்பட்டு இந்திய மின்சாரம் வந்தது. நேபாளம் தன் ஆறுகளில் மின்நிலையங்களைக் கட்டி முடித்தபின், 2021 முதல் அதே கம்பி வழியே இந்தியச் சந்தைக்கு விற்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் இந்திய வலை வழியாக வங்காளதேசத்துக்கும் 40 மெகாவாற்று அனுப்பியது. வாங்கிய கம்பியே விற்கும் கம்பியாயிற்று. இது நல்ல பாடம்.

அதே நேபாளத்திடம் கசப்பான பாடமும் உண்டு. சீன முதலீடோ சீன ஒப்பந்தக்காரரோ தொடர்புபட்ட நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. நேபாளத்து ஆற்றுநீர் எந்த நாட்டுக்கும் பகையன்று. ஆயினும் கம்பியின் மறுமுனையை வைத்திருப்பவரே எது நல்ல மின்சாரம், எது தீண்டாத மின்சாரம் என்று தீர்மானிக்கிறார்.

இப்பாடம் நம் வாசலுக்கே வந்ததுண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின்திட்டம் 2021 ஜனவரியிற் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டின் இறுதியில் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியா தன் நன்கொடையால் அதனை நிறைவேற்ற உடன்பட்டது. 2024 மார்ச்சிலேதான் இந்திய நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வல்லரசுகள் தம் கணக்கைப் பார்த்த அந்த மூன்று ஆண்டும் தீவு மக்கள் டீசல் இயந்திரத்தின் இரைச்சலையே கேட்டிருந்தனர்.

வங்காளதேசத்தைப் பாருங்கள். 2013 ஒக்டோபரில் பேராமாராவில் 500 மெகாவாற்று இணைப்பு இந்தியாவுடன் திறக்கப்பட்டது. அது பின்னர் இருமடங்காயிற்று. அரசுகளுக்கிடையே அளவோடு நடந்த அவ்வணிகம் பயன் தந்தது. ஆனால் 2017இல் ஜார்க்கண்டு மாநிலத்துக் கொட்டா என்னும் இடத்தில் அதானி குழுமம் அமைத்த 1,600 மெகாவாற்று நிலக்கரி நிலையத்தின் மின்சாரம் முழுவதையும் வாங்க அந்நாடு 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. விலையைக் கணிக்கும் முறைபற்றிய பிணக்கு பின்னரே எழுந்தது. டொலர்த் தட்டுப்பாட்டாற் பாக்கி ஏறியது. 2024 ஒக்டோபர் இறுதியில் நிறுவனம் மின்விநியோகத்தைப் பாதியாகக் குறைத்தது. விலையை அறியாமல் வாங்கியவன், வெளிச்சத்தைக் கெஞ்சி வாங்கவேண்டியவன் ஆனான். 2022இற் கடன் தீர்க்க இயலாதென்று உலகுக்கு அறிவித்த நம் நாடு இதனை மறக்கலாமா?

விலையைத் திரைமறைவில் எழுதலாகாது

நம் நாட்டிலும் இதன் சாயல் தோன்றியது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைக்கும் திட்டம் கேள்விப்பத்திரம் இன்றி அதே குழுமத்துக்குக் கொடுக்கப்பட்டது. 2022 ஜூனில் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டு, போட்டிக் கேள்வி வேண்டுமென்ற தடை தளர்த்தப்பட்டது. அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்னும் விலை பேசப்பட்டது. ஆட்சி மாறியது, விலையை மீளப் பேசவேண்டும் என்றனர், 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. யார் வென்றார், யார் தோற்றார் என்பது நம் கவலையன்று. பூநகரிக்குக் காற்றாலையும் வரவில்லை. மக்களுக்கு நியாயமான விலை எதுவென்று எவரும் விளக்கவுமில்லை. வெளிப்படையாகத் தொடங்கியிருந்தால் ஆண்டுகள் வீணாகியிரா.

சட்டம் இல்லையா? உண்டு. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டமும், பின்னர் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. கட்டணத்தை மாற்றுமுன் மக்களின் கருத்தைக் கேட்கும் வழக்கம் அவ்வாணைக்குழுவுக்கு உண்டு. இந்தியாவோ எல்லை கடந்த மின்வணிகத்துக்கு 2018இல் வழிகாட்டு விதிகளையும், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வாயிலாக 2019இல் ஒழுங்குவிதிகளையும் வகுத்துக்கொண்டது. யார் விற்கலாம், யார் வாங்கலாம், எவர் அனுமதி வேண்டும் என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. அவை இந்தியாவின் நலனை நோக்கி இந்தியா எழுதியவை, அதிற் குற்றமில்லை. ஆனால் பங்குக் கிணற்றுக்கு ஒரு பங்காளி மட்டும் உறுதி எழுதினால் மற்றவன் அதற்குக் கைநாட்டு வைப்பவன் ஆவான். 2014 நவம்பரிற் காத்மண்டுவிற் சார்க் நாடுகள் மின்சார ஒத்துழைப்புக்கான சட்டக உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. அதற்கு உயிரூட்டும் பொதுவான ஒழுங்காணைக்குழு இன்றுவரை பிறக்கவில்லை.

பிறக்கவே இயலாது என்பாரும் உண்டு. அவர்கள் மத்திய அமெரிக்காவைப் பார்க்கட்டும். குவாத்தமாலா முதல் பனாமா வரை ஆறு சிறு நாடுகள். உள்நாட்டுப் போரும் எல்லைப் பிணக்கும் கண்டவை. அவை 1996இல் உடன்படிக்கை செய்து, 1,800 கிலோமீற்றர் நீளமான மின்வழியை அமைத்தன. வணிகத்தை மேற்பார்க்க ஆறு நாடுகளுக்கும் பொதுவான ஒழுங்காணைக்குழு ஒன்றையும் நிறுவின. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

உறுதியில் எழுதவேண்டிய ஐந்து

ஆகவே, அன்பர்களே, விலை ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் ஐந்து செய்திகள் எழுத்தில் வரவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும்.

முதலாவது: விலையும், விலையைக் கணிக்கும் முறையும், எந்த நாணயத்திற் கொடுப்பது என்பதும் முன்னரே வெளியிடப்படவேண்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதனைப் பரிசீலித்து, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தமிழ்மொழியில் மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும். எடுத்தாலும் எடாவிட்டாலும் பணம் கட்டு என்னும் விதி இருக்குமாயின் அதன் அளவு தெரியவேண்டும்.

இரண்டாவது: இரு நாட்டு ஒழுங்காணைக்குழுக்களும் சேர்ந்த நிலையான அமைப்பு ஒன்று வேண்டும். பிணக்கு எழுந்தால், அது தீரும்வரை கம்பியை அறுப்பதில்லை என்ற விதி வேண்டும். மின்சாரம் அரசியல் வற்புறுத்தலுக்கு ஆயுதமாகலாகாது. பால்டிக் நாடுகள் மூன்றும் ரஷ்ய மின்வலையிலிருந்து 2025 பெப்ரவரியில் விலகிச் சென்றது இவ்வச்சத்தாலேயே.

மூன்றாவது: வடக்கின் பங்கு. நேரோட்டக் கம்பியில் இடைநடுவே கிளை எடுப்பது எளிதன்று. ஒவ்வொரு கிளைக்கும் பெருஞ்செலவில் மாற்று நிலையம் வேண்டும். ஆகவே மதுரையிற் புறப்பட்ட மின்சாரம் மன்னார்க் கமக்காரனின் தலைக்கு மேலே சென்று அநுராதபுரத்திலேதான் இறங்கும் என்றால், நமக்குக் கிடைப்பது கோபுரங்களின் நிழல் மட்டுமே. அதற்கு மாற்று, வடக்கின் உள்நாட்டு வழிகளை அதே திட்டத்தின் ஒரு பகுதியாக வலுப்படுத்துவது. கிளிநொச்சி வழியே சுன்னாகம் வரும் 132 கிலோவோல்ற்று வழியை மட்டும் நம்பிக் குடாநாடு இருத்தல் ஆகாது. வழி வலுத்தால் இங்கு விளையும் வெயிலும் காற்றும் வெளியே செல்லும். வெளியிலிருந்து வேண்டியதும் உள்ளே வரும்.

நான்காவது: சிறியவனுக்கு வாசல். இணைப்பின் வழியே விற்கும் உரிமை பெருநிறுவனங்களுக்கு மட்டும் என்றிருத்தல் கூடாது. நம் கூட்டுறவுச் சங்கங்கள் புகையிலையையும் வெங்காயத்தையும் சேர்த்து விற்றுப் பழகியவை. பல நூறு கூரைகளின் மின்சாரத்தைச் சேர்த்து ஒரு கூட்டுறவாக விற்க அனுமதி வேண்டும். நேபாளத்துக்கு நேர்ந்தது போல, எந்த நாட்டுத் தகடு என்று கேட்டுக் கதவடைக்கும் நிலை இருக்குமாயின், அதனை இன்றே சொல்லிவிடவேண்டும். கடன் வாங்குமுன் அறிவது கமக்காரனின் உரிமை.

ஐந்தாவது: நிலமும் கடலும். கோபுரம் நாட்டப்படும் காணிக்கு உரியவரின் இசைவும் இழப்பீடும் முன்னரே தீரவேண்டும். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். அவர்கள் நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் என்றனர். பத்தாண்டு கழித்து 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அக்கதை இனியொரு முறை வேண்டா. கடலிலும் அவ்வாறே. 2024 டிசம்பர் 25இற் பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான கடலடி வடம் அறுந்தது. கப்பலின் நங்கூரம் இழுபட்டதே காரணமென்று ஐயுறப்பட்டது. பழுதுபார்க்க மாதங்கள் சென்றன. பாக்குநீரிணை ஆழமற்ற கடல். இழுவை மடிப் படகுகள் கடற்றரையைச் சுரண்டிச் செல்லும் கடல். 2017இல் இலங்கைச் சட்டம் இழுவை மடியைத் தடைசெய்தும், எல்லை கடந்து வரும் படகுகளால் நம் கடற்றொழிலாளரின் வலைகள் கிழிவது ஓயவில்லை. வடத்தைக் காப்பதற்காகத் தடைவலயம் அமைத்து, சிறுவள்ளக்காரனை மட்டும் விரட்டி, இழுவைப்படகை விட்டுவிடும் நிலை வரலாகாது. வடத்தைக் காக்கும் சட்டம் கடற்றரையையும் காக்கட்டும். இழுவை மடிக்கு முடிவு கட்டுவதற்கு இரு அரசுகளுக்கும் இதைவிட நல்ல காரணம் கிடையாது.

இரு குரல்கள்

இதனைக் கூறும்போது இரண்டு குரல்கள் எழும். ஒன்று, இந்தியக் கம்பி வந்தால் இந்திய ஆதிக்கம் வரும், ஆகவே வேண்டா என்னும் தெற்கின் குரல். அவர்களுக்கு நான் கூறுவது: இன்று எண்ணெயையும் நிலக்கரியையும் அயல்நாடுகளிலிருந்தே வாங்குகிறோம். 2022இல் நம்மை மண்டியிட வைத்தது எந்தக் கம்பி? தனித்திருப்பது சுதந்திரமன்று. விதி எழுதிக் கைகோப்பதே சுதந்திரம்.

மற்றது நம்மிடையே எழும் குரல். தமிழ்நாட்டிலிருந்து வருகிறது, எப்படி வந்தாலும் வரட்டும், கேள்வி கேட்டால் வராமற் போய்விடும் என்பது. அவர்களுக்கும் ஒன்று கூறுவேன். உறவினர் வீட்டுச் சம்பந்தமாயினும் சீதனத்தை எழுதாமல் நாம் கலியாணம் பேசுவதில்லை. உறவு நீடிக்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். கேள்வி கேட்பவன் இணைப்பின் பகைவன் அல்லன். அதனை நிலைக்கச் செய்பவன் அவனே.

இங்கே பொறியியலாளர் இருக்கிறீர்கள். திட்டத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் உங்கள் கையில் இருக்கிறது. கணக்காளர் இருக்கிறீர்கள், விலையைக் கணித்துக் காட்டுங்கள். கமக்காரர் இருக்கிறீர்கள், உங்கள் சங்கக் கூட்டங்களில் இவ்வைந்தையும் தீர்மானமாக்கி, ஆணைக்குழுவுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்க்கும் அனுப்புங்கள். நம் பிரதிநிதிகள் கொழும்பிலும் டில்லியிலும் பேசும்போது, வடக்கின் மக்கள் ஒளியை மட்டுமன்றி உரிமையையும் கேட்கின்றனர் என்று அத்தீர்மானங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

புரிந்துணர்வு என்பது ஒப்பந்தமன்று. உறுதி எழுதும் வேளை இதுவே. கம்பி வந்தபின் எழுதுவோம் என்றால், எழுதுகோல் நம் கையில் இராது.